ஆர்டர் போட்ட பிறகு விலையை ஏற்றலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஆன்லைன் கடை ஒன்றில் லேப்டாப் ஆர்டர் போட்டேன். கார்டில் முழுப் பணமும் கட்டிவிட்டேன், "உங்கள் ஆர்டர் உறுதி செய்யப்பட்டது" என்று மெயிலும் வந்தது. சில நாள் கழித்து கஸ்டமர் கேரிலிருந்து போன் செய்து, "விலை மாறிவிட்டது, வித்தியாசத்தைக் கட்டினால் அனுப்புகிறோம், இஷ்டமில்லை என்றால் நீங்களே கேன்சல் செய்துவிடுங்கள், பணம் திரும்பி வந்துவிடும்" என்கிறார்கள். இப்போது தளத்தில் போய்ப் பார்த்தால் புது விலைதான் இருக்கிறது, நான் பார்த்த விலைக்கு அங்கே தடயமே இல்லை. என்ன செய்யலாம் சார்?

பதில்: முதல் வேலை, கேன்சல் பட்டன் பக்கமே போகாதீர்கள். அவர்கள் எவ்வளவு தன்மையாகப் பேசினாலும், "கேன்சல் செய்துவிட்டு மறுபடி போடுங்கள், கூப்பன் தருகிறோம்" என்று ஆசை காட்டினாலும் சரி. நீங்களாகக் கேன்சல் செய்தால் கடையின் பதிவில் "வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்" என்றுதான் ஏறும், அப்புறம் நீங்கள் வங்கிக்குப் போனாலும் நுகர்வோர் மன்றத்துக்குப் போனாலும் அவர்கள் எடுத்து நீட்டுவது அந்தப் பதிவைத்தான். விலையை மாற்றியது அவர்கள். ஆர்டரை முறிப்பதென்றால் அதையும் அவர்களே, அவர்கள் பெயரிலேயே, எழுத்தில் செய்யட்டும். அதேபோல வித்தியாசத்தைக் கட்டச் சொல்லி வரும் லிங்கையும் அமுக்க வேண்டாம், கட்டினால் புது விலைக்கு ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். இந்த மாதிரி "மீதியைக் கட்டுங்கள்" என்று வரும் அழைப்புகளில் மோசடிக்காரர்களும் கலந்திருக்கிறார்கள், அதனால் உங்கள் கணக்கில் நுழைந்து ஆர்டர் பக்கத்தில் அதே தகவல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு பேசுங்கள்.

சரி, சட்டப்படி உங்கள் பக்கம் எவ்வளவு பலம் இருக்கிறது? அது பெரும்பாலும் அந்த மெயிலில் உள்ள ஓரிரு சொற்களில் இருக்கிறது. கடையில் பொருளை விலை ஒட்டி வைத்திருப்பது "விற்கிறேன்" என்ற வாக்கு ஆகாது, "வாங்க வாருங்கள்" என்ற அழைப்புதான் என்று இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 1953-ல் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் தீர்ப்பு சொன்னது. ஆங்கிலச் சட்ட மரபில் வந்த நாடுகளில் இன்றும் பேச்சு தொடங்குவது அங்கிருந்துதான். அதாவது தளத்தில் விலை போட்டிருந்தது அழைப்பு, ஆர்டர் போட்டது "இந்த விலைக்குக் கொடுங்கள்" என்று நீங்கள் கேட்டது, கடை அதற்குச் "சரி" என்று சொல்லும்போதுதான் ஒப்பந்தம் பிறக்கிறது. அந்தச் "சரி"க்கு முன்னால் விலையை மாற்ற அவர்களுக்கு இடம் உண்டு, அதற்குப் பிறகு இல்லை. ஆகவே சண்டையெல்லாம் கடை எப்போது சரி சொன்னது என்பதில்தான் வந்து நிற்கும்.

"உங்கள் ஆர்டர் கிடைத்தது, நன்றி" என்று வரும் மெயில் வெறும் ரசீது மாதிரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000-ம் ஆண்டு மின்வணிக நெறிமுறைப்படி ஆர்டர் கிடைத்ததைக் கடை தாமதமில்லாமல் தெரிவித்தே ஆக வேண்டும், அதனால் இந்த மெயிலை யாரும் யோசித்து அனுப்புவதில்லை, கம்ப்யூட்டரே எல்லாருக்கும் அனுப்பிவிடும். "உறுதி செய்யப்பட்டது", "ஏற்றுக்கொள்ளப்பட்டது" என்ற சொற்கள் வேறு, உங்களுக்கு வந்திருப்பது அந்த ரகம், அது நல்ல விஷயம். ஆனால் கடையின் விற்பனை விதிமுறைகளையும் ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள். "பொருளை அனுப்பிவிட்டோம் என்று மெயில் வரும்போதுதான் ஒப்பந்தம் ஏற்படும்" என்று பல கடைகள் ஒரு வரி எழுதி வைத்திருக்கின்றன, போனில் உங்களிடம் அதைத்தான் சொல்வார்கள். அந்த வரி இருந்தால் உங்கள் வாதம் கொஞ்சம் பலவீனப்படும் என்பது உண்மை, ஆனாலும் அதோடு கதை முடிந்துவிடாது. விதிமுறை ஒன்று சொல்கிறது, மெயில் இன்னொன்று சொல்கிறது என்றால், இரண்டையும் எழுதியது கடைதான். தெளிவில்லாமல் எழுதப்பட்டதை எழுதியவருக்குப் பாதகமாகவும் வாங்குபவருக்குச் சாதகமாகவும் படிக்க வேண்டும் என்பது பழைய கொள்கை, ஐரோப்பாவில் அதை 1993-லேயே நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய நெறிமுறையில் எழுதியே வைத்துவிட்டார்கள்.

பணம் போய்விட்டது என்கிறீர்கள், அதையும் வங்கிக் கணக்கில் உற்றுப் பாருங்கள். கார்டில் பணம் கட்டும்போது இரண்டு கட்டம் உண்டு. முதலில் அந்தத் தொகையை வங்கி ஒதுக்கி நிறுத்தி வைக்கும், கடை பிறகு கேட்கும்போதுதான் பணம் உண்மையில் கைமாறும். உங்கள் கணக்கில் இன்னும் "நிலுவை" என்று காட்டினால் கடை பணத்தை எடுக்கவில்லை, ஒதுக்க மட்டும் செய்திருக்கிறது. பணமே கைமாறிவிட்டது என்றால் கடை உங்கள் ஆர்டரை ஏற்று நடந்துகொண்டதற்கு அதுவும் ஒரு சாட்சி. தனியாக அது மட்டும் வழக்கை முடித்துவிடாது, ஆனால் உறுதி மெயிலோடு சேர்த்து வைக்கும்போது கனம் கூடும்.

இனி ஆதாரம். தளத்தில் பழைய விலை போய்விட்டதே என்று நீங்கள் கவலைப்படுகிறீர்கள், அது அவ்வளவு பெரிய இழப்பு இல்லை, ஏனென்றால் விலை உங்கள் உறுதி மெயிலில் இருக்கும், வங்கி அனுப்பிய எஸ்எம்எஸ்ஸில் இருக்கும், உங்கள் கணக்கின் ஆர்டர் பக்கத்தில் இருக்கும். இந்த மூன்றில் ஆர்டர் பக்கம்தான் கடையின் கையில் இருப்பது, அவர்கள் நினைத்தால் மாற்றிவிட முடியும், ஆகவே இதைப் படித்து முடித்ததும் முதலில் அதை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், தேதியும் நேரமும் திரையில் தெரிகிற மாதிரி. போனில் பாதி திரை மட்டும் பிடிக்காமல், கம்ப்யூட்டரில் திறந்து ஆர்டர் எண், பொருளின் பெயர், தொகை, வரி, டெலிவரி கட்டணம் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும்படி பிடிஎஃப் ஆகச் சேமித்தால் இன்னும் நல்லது. விதிமுறைப் பக்கத்தையும் அதேபோல இன்றைக்கே சேமியுங்கள், அதுவும் சத்தமில்லாமல் மாறக்கூடியது. மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்ததோடு விடாதீர்கள், மூல மெயிலை இன்பாக்ஸிலேயே பத்திரமாக வைத்திருங்கள், ஏனென்றால் யார் எப்போது அனுப்பியது என்ற விவரம் மூல மெயிலில்தான் முழுதாக இருக்கும். பழைய விலைப் பக்கமே வேண்டும் என்றால் இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் என்ற தளத்தில் (இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பு நடத்துவது) தேடிப் பார்க்கலாம், எல்லாப் பக்கமும் அங்கே இருக்காது, ஆனால் பெரிய கடைகளின் பக்கங்கள் சில சமயம் கிடைக்கும்.

போனில் வாதாடுவதை நிறுத்திவிடுங்கள். அந்த முனையில் பேசுபவருக்கு விலையை மாற்றும் அதிகாரம் கிடையாது, அவரோடு சத்தம் போட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை, அதைவிட முக்கியம், பேசியதற்கு உங்களிடம் சாட்சி இருக்காது. அவர் போனில் சொன்னதையே ஒரு மெயிலாக எழுதி அனுப்புங்கள். நீளமாக வேண்டாம், கோபமும் வேண்டாம், இந்த அளவு போதும்:

"ஆர்டர் எண் இது. இந்தத் தேதியில் இந்த விலைக்கு ஆர்டர் போட்டு முழுத் தொகையும் செலுத்தினேன். அன்றே ஆர்டரை உறுதி செய்து மெயில் அனுப்பினீர்கள், அதன் நகலை இணைத்திருக்கிறேன். பிறகு இந்தத் தேதியில் தொலைபேசியில் கூடுதல் தொகை கேட்டீர்கள். அதற்கு நான் சம்மதிக்கவில்லை, ஆர்டரை ரத்து செய்யவும் இல்லை. உறுதி செய்த விலைக்கே பொருளை இந்தத் தேதிக்குள் அனுப்புங்கள். முடியாது என்றால் எந்த விதிமுறையின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். காரணத்தை எழுத்தில் கேட்கும்போது விஷயம் பெரும்பாலும் கஸ்டமர் கேரைத் தாண்டி மேலே போகும், பதில் எழுதுகிறவர் விதிமுறையைத் திறந்து பார்த்துத்தான் எழுத வேண்டியிருக்கும். இந்தியாவில் இருப்பவர்கள் இந்த மெயிலைக் குறைதீர்ப்பு அதிகாரியின் முகவரிக்கே அனுப்பலாம். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி அப்படி ஓர் அதிகாரியின் பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருக்க வேண்டும், புகார் வந்து 48 மணி நேரத்துக்குள் கிடைத்ததாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்த்து வைக்க வேண்டும். அதிலும் நடக்கவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அதே விதிகளில் இன்னொரு நல்ல விஷயம்: நீங்கள் ரத்து செய்தால் கட்டணம் பிடிப்போம் என்று சொல்லும் கடை, தானாக ரத்து செய்யும்போது அதே மாதிரிக் கட்டணத்தைத் தானும் ஏற்க வேண்டும், இல்லையென்றால் உங்களிடம் பிடிக்கக் கூடாது. வேறு நாட்டில் இருப்பவர்கள் அந்தந்த நாட்டின் நுகர்வோர் அமைப்பைத் தேட வேண்டும், பெயர்தான் மாறும், வேலை கிட்டத்தட்ட இதேதான்.

வங்கி எப்போது வரும் என்றால், கடை பொருளும் அனுப்பாமல் பணத்தையும் திருப்பாமல் இழுத்தடிக்கும்போது, அல்லது உங்கள் சம்மதம் இல்லாமல் கார்டிலிருந்து கூடுதலாக எடுக்கும்போது. அப்போது சார்ஜ்பேக் கேட்கலாம், அதாவது கார்டில் கட்டிய பணத்தை வங்கி வழியாகவே கடையிடமிருந்து திருப்பிக் கேட்பது. அதற்குக் காலக்கெடு உண்டு, விசா போன்ற கார்டு நிறுவனங்களின் விதிகளில் பெரும்பாலான புகார்களுக்கு 120 நாள், ஆனால் உங்கள் வங்கி அதைவிட முன்னதாகவே கேட்கலாம். அமெரிக்காவில் கிரெடிட் கார்டு பில்லில் தவறு என்றால் அந்தப் பில் அனுப்பப்பட்டு 60 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும். "அடுத்த வாரம் பார்க்கிறோம், அடுத்த மாதம் பார்க்கிறோம்" என்று கடை இழுப்பதற்குள் இந்தக் கெடு முடிந்துபோய் ஏமாந்து நிற்பவர்கள் உண்டு, எனக்கு வரும் கடிதங்களில் மனதைக் கஷ்டப்படுத்துகிறவை இவைதான், ஆகவே கெடு தேதியை இப்போதே வங்கியில் கேட்டுக் குறித்து வையுங்கள். ஆனால் பழைய விலைக்கே பொருள் வேண்டும் என்றால் வங்கியால் அதை வாங்கித்தர முடியாது, பணத்தை மட்டும்தான் மீட்டுத்தரும் என்பது நினைவிருக்கட்டும்.

பொருளே வேண்டும், கடை மறுக்கிறது, உங்கள் ஆதாரமும் வலுவாக இருக்கிறது என்றால் வேறு இடத்தில் அதே லேப்டாப்பை வாங்கிவிட்டு விலை வித்தியாசத்தை இந்தக் கடையிடம் இழப்பீடாகக் கேட்பது ஒரு வழி. ஒப்பந்தம் செய்துவிட்டுப் பொருளைக் கொடுக்காத விற்பனையாளரிடம் இப்படிக் கேட்பது பொருள் விற்பனைச் சட்டங்களில் நெடுங்காலமாக இருக்கிற உரிமை. அதற்கு நுகர்வோர் மன்றம் வரை போக வேண்டிவரும், காலம் பிடிக்கும். வித்தியாசம் சின்னது என்றால் முழு ரீஃபண்டோடு நின்றுவிடுவது தவறில்லை, பெரியது என்றால் போராடுங்கள்.

கேள்வி: ஒரு கேமராவை அதன் வழக்கமான விலையில் இருபதில் ஒரு பங்குக்குப் போட்டிருந்தார்கள். நண்பர்கள் எல்லாரும் சேர்ந்து ஆளுக்குச் சிலவாக ஆர்டர் போட்டோம். உறுதி மெயிலும் வந்தது. மறுநாள் "விலை தவறாகப் பதிவாகிவிட்டது" என்று எல்லாவற்றையும் ரத்து செய்துவிட்டார்கள். விட்டுவிடலாமா, வழக்குப் போடலாமா?

பதில்: விட்டுவிடுங்கள். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது, ஆளுக்குச் சிலவாகப் போட்டதே அந்த விலை உண்மையாக இருக்காது என்று தெரிந்துதான்.

ஏறக்குறைய இதே மாதிரி ஒரு வழக்கு சிங்கப்பூரில் நடந்தது. 2003 ஜனவரியில் 3,854 சிங்கப்பூர் டாலர் மதிப்புள்ள எச்பி லேசர் பிரிண்டர் டிஜிலேண்ட்மால் என்ற ஆன்லைன் கடையில் தவறுதலாக 66 டாலருக்கு ஏறிவிட்டது. நள்ளிரவு தாண்டி ஒருவருக்கொருவர் சாட்டில் சொல்லிச் சொல்லி ஆறு பேர் மட்டும் 1,606 பிரிண்டர் ஆர்டர் போட்டார்கள், தானியங்கி உறுதி மெயில்களும் வந்தன. கடை மறுத்ததும் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றத்தில் அந்த சாட் உரையாடல்களே அவர்களுக்கு எதிராக நின்றன, விலை தவறு என்று தெரிந்துகொண்டே வாங்கியிருக்கிறார்கள் என்று 2004-ல் உயர் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது, 2005-ல் மேல்முறையீட்டிலும் அதுவே உறுதியானது. எதிராளியின் தவறு என்று தெரிந்தே அதைப் பிடித்துக்கொள்பவருக்கு உறுதி மெயில் கைகொடுக்காது.

இதற்கு நேர்மாறாகவும் நடந்திருக்கிறது. பிரிட்டனில் கோடாக் நிறுவனம் 329 பவுண்டு கேமராவைத் தவறுதலாக 100 பவுண்டுக்குப் போட்டுவிட்டு முதலில் தர மறுத்தது, வாங்கியவர்கள் விடாமல் கேட்டபிறகு 2002 ஜனவரியில் அந்த விலைக்கே கொடுத்தது. என் பார்வையில் வேறுபாடு இங்கே இருக்கிறது: மூன்றில் ஒரு பங்கு விலை என்பது பண்டிகைத் தள்ளுபடியாக இருக்கலாம் என்று நல்லெண்ணத்தோடு ஒருவர் நம்ப முடியும், 3,854 டாலர் பிரிண்டர் 66 டாலர் என்பதை அப்படி நம்ப முடியாது. கடைகள் "விலைத் தவறு" என்ற இதே சாக்கை உண்மையான தள்ளுபடி விற்பனைக்குப் பிறகும் சொல்லித் தப்பப் பார்க்கின்றன, ஆகவே நியாயமான தள்ளுபடி விலைக்கு ஒரே ஒரு பொருள் வாங்கியவர் இந்தப் பதிலைப் படித்துவிட்டுப் பயந்து பின்வாங்க வேண்டாம். உங்கள் விஷயத்தில் பணம் முழுவதும் திரும்பியதா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: இன்னும் வெளிவராத போனுக்கு முன்பதிவு செய்து கொஞ்சம் முன்பணமும் கட்டியிருக்கிறேன். இப்போது "வெளிவரும் நாளில் உள்ள விலையே பொருந்தும்" என்கிறார்கள், விலையும் ஏறிவிட்டது. முன்பணம் திரும்பாதாம்.

பதில்: முன்பதிவில் விலை மாறலாம் என்று பணம் கட்டும் முன்பே தெளிவாக எழுதியிருந்தால், அந்த வரியை மட்டும் வைத்துக் கடையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விலையை ஏற்றும் உரிமையைத் தான் வைத்துக்கொண்டு, விலகும் உரிமையை உங்களுக்குக் கொடுக்காமல் இருப்பது நியாயமே இல்லை, இந்த இடத்தில் நீங்கள் தாராளமாக மல்லுக்கட்டலாம். நான் மேலே சொன்ன 1993 ஐரோப்பிய நெறிமுறையின் பின்னிணைப்பில் நியாயமற்றதாகக் கருதப்படக்கூடிய விதிகளின் பட்டியல் ஒன்று இருக்கிறது, விலை மிக அதிகமாகிவிட்டால் ஒப்பந்தத்திலிருந்து விலக வாங்குபவரை அனுமதிக்காமல் விலையை ஏற்ற இடம் கொடுக்கும் விதியும் அதில் உண்டு. முன்பணத்தை முழுதாகத் திருப்பிக் கேட்டு எழுதுங்கள். முன்பதிவின்போது விலை இன்னதுதான் என்று எண்ணாகவே போட்டிருந்து, மாறலாம் என்று எங்குமே எழுதாமல் இருந்தார்கள் என்றால் முன்பணத்தோடு நிற்காமல் பழைய விலைக்கே போன் கேளுங்கள்.

கேள்வி: நான் வாங்கிய மறுநாளே விலை இறங்கிவிட்டது. வித்தியாசத்தைத் திருப்பித் தரக் கடைக்குக் கடமை இல்லையா?

பதில்: இல்லை. உறுதியான விலை இரண்டு பக்கத்தையும் கட்டும். ஆனால் பொருள் இன்னும் கிளம்பவில்லை, ரத்து செய்யக் கடையும் இடம் கொடுக்கிறது என்றால் ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடலாம், முதல் பதிலில் கேன்சல் செய்யாதீர்கள் என்றது விலை ஏறியவர்களுக்கு. கிளம்பிவிட்டது என்றால் கடையின் திருப்பிக்கொடுக்கும் விதியைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களைக் கைக்கு வந்த 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். சில கடைகள் கேட்டால் வித்தியாசத்தைக் கொடுத்துவிடும், கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கேள்வி: வெளிநாட்டுத் தளத்தில் வாங்கினேன். எஸ்எம்எஸ்ஸில் ஒரு தொகை வந்தது, ஸ்டேட்மென்ட்டில் அதைவிடக் கூடுதலாக இருக்கிறது. கடை விலையை ஏற்றிவிட்டதா?

பதில்: அநேகமாக இல்லை. எஸ்எம்எஸ் வந்தது பணம் ஒதுக்கப்பட்ட அன்றைய நாணய மாற்று விகிதத்தில், ஸ்டேட்மென்ட்டில் இருப்பது பணம் கைமாறிய அன்றைய விகிதத்தில், கூடவே வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் என்று வங்கி ஒரு பங்கு சேர்த்திருக்கலாம். கடையின் நாணயத்தில் எவ்வளவு எடுக்கப்பட்டது என்று வங்கியில் கேளுங்கள், அந்த எண் உங்கள் ஆர்டர் மெயிலில் உள்ள எண்ணோடு பொருந்தினால் கடையிடம் சண்டைக்குப் போக ஒன்றுமில்லை. பொருந்தவில்லை என்றால் அப்போது வங்கியில் புகார் கொடுங்கள்.

கேள்வி: டெலிவரி கொடுக்க வந்தவர் வாசலில் நின்று "ஆர்டரில் காட்டியதைவிடக் கூடுதலாக வாங்கச் சொல்லியிருக்கிறார்கள்" என்றார். அவசரத்துக்குக் கொடுத்துவிட்டேன். திரும்ப வாங்க முடியுமா?

பதில்: எதற்கான பணம் என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டிலிருந்து வந்த பொருளுக்குச் சுங்க வரி என்றால் அது அரசுக்குப் போவது, அதற்கு ரசீது இருக்கும், "இறக்குமதி வரி வாங்குபவர் பொறுப்பு" என்று கடை முன்பே எழுதியிருந்தால் அந்தப் பணம் உங்களுடைய செலவுதான். டெலிவரி கட்டணம், பேக்கிங் கட்டணம் என்று பெயர் சொல்லி வாங்கியிருந்தால், ஆர்டர் போடும்போது திரையில் காட்டாத எதையும் பிறகு சேர்க்கக் கூடாது. ஐரோப்பாவின் 2011-ம் ஆண்டு நுகர்வோர் உரிமை நெறிமுறை, முன்கூட்டிச் சொல்லாத கூடுதல் கட்டணத்தை வாங்குபவர் ஏற்க வேண்டியதில்லை என்று நேரடியாகவே சொல்கிறது. இந்திய விதிகளும் எல்லாக் கட்டணமும் வரியும் சேர்த்து மொத்த விலையை ஒரே எண்ணாக, எது எதற்கு எவ்வளவு என்ற பிரிவோடு முன்பே காட்டச் சொல்கின்றன.

கொடுத்த பணத்துக்கு ரசீது வாங்கவில்லை என்றால் அந்த டெலிவரி நிறுவனத்துக்கு ஆர்டர் எண்ணும், வந்த நேரமும், கொடுத்த தொகையும் எழுதி, எதற்காக வாங்கப்பட்டது என்று கேளுங்கள், அதே மெயிலின் நகலைக் கடைக்கும் அனுப்புங்கள். யுபிஐ மாதிரி ஏதாவது செயலி வழியாகக் கொடுத்திருந்தால் யார் பெயருக்குப் போனது என்பது பதிவாகி இருக்கும், அதை இணையுங்கள். நிறுவனத்தின் பெயருக்குப் போகாமல் தனி ஆளின் பெயருக்குப் போயிருந்தால் அதையும் மெயிலின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.